பாதிக் கட்டு அகத்தி

மதுரை வெயிலில் புதினா நிற்காது. சித்திரை பிறந்தால் போதும், மதியத்துக்குள் சுருண்டு கருகிவிடும். அதனால் கீழக்குயில்குடிப் பக்கம் எங்களுக்கு இருந்த பத்து சென்ட் நிலத்தில் என் கணவர் முதலில் அகத்தியைத்தான் விதைத்தார். அது வளர்ந்து நிழல் விழுந்த பிறகே அடியில் புதினாவும் பொன்னாங்கண்ணியும் வைத்தோம். "மாசக்கணக்கா குச்சிக்குத் தண்ணி ஊத்துறோம்" என்று நான் கேலி செய்யாத நாளில்லை. சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

பாத்தியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு புதினாக் கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்ப்பார். விற்கிற கீரையில் கை வைக்கக்கூடாது என்று சண்டை பிடிப்பேன். மறுநாளும் கிள்ளுவார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் கறிவேப்பிலைக் கன்று வாங்கக் கிளம்பினார். "போயிட்டு வாரேன்" என்றார். நான் குனிந்து புதினா அறுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சண்டை மனதில் இருந்ததால் நிமிரவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. காளவாசலில் அவர் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று நான் ஏறாத படியில்லை. உடலும் கிடைக்கவில்லை, ஒரு போனும் வரவில்லை.

தோட்டத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அகத்திக்கு ஆயுசு குறைவு. காற்றடித்தால் சாயும், சில வருடங்களில் தானே பட்டுப்போகும். அவர் விதைத்த மரம் ஒன்றுகூட இப்போது இல்லை. அவற்றின் விதையை எடுத்து நான் முளைக்க வைத்தவைதான் இன்று நிழல் தருகின்றன.

அவர் போன அடுத்த கோடையில் அது ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால், நடக்கிற வரப்பை ஒட்டிய புதினாச் செடிகளில் மட்டும் அங்கங்கே கொழுந்து இருக்காது. நகத்தால் கிள்ளியது மாதிரி இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துவிட்டு, "வெட்டுக்கிளிம்மா. மருந்து அடிச்சா சரியாப் போயிரும்" என்றார். "அடிக்கிறேண்ணே" என்றேன். அடிக்கவில்லை. கிள்ளின செடியைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றும் குறையாத நாட்களில் அதைவிடப் பயமாக இருந்தது.

புதினாவைக் காளவாசலில் விற்பேன். அமாவாசையன்று மட்டும் அகத்தியை ஒடித்துக் கட்டி, ஒரு கோயில் வாசலில் உட்காருவேன். பக்கத்திலேயே ஒருவர் பசுவோடு நிற்பார். செத்துப்போன தாய் தகப்பனை நினைத்து ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுப்பார்கள். ஊரில் எத்தனையோ பேருடைய செத்தவர்களுக்கு என் தோட்டத்துக் கீரை போனது. அவருக்கு மட்டும் நான் கொடுத்ததில்லை. கொடுத்தால், அவர் இல்லை என்று என் வாயால் சொன்னதாகிவிடும். கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு அதை நான் எப்படிச் செய்வேன்?

போன ஆடி அமாவாசைக்கு நல்ல கூட்டம். என்னிடம் வாடிக்கையாக வாங்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், தன் தாய் தகப்பனுக்காக எப்போதும் இரண்டு கட்டு வாங்குவார். அன்று மூன்று வாங்கினார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் தோளைத் தொட்டார்.

"ஒனக்குத்தான் மனசு வரல. அதான் நானே ஒங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கட்டு குடுத்துட்டேன்மா. எம்புட்டு நாளைக்குத்தான் பசியோட அலைவாரு, பாவம்."

நல்ல மனசுதான். ஆனால் அந்த நிமிடம் அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. எழுந்து ஓடினேன். அந்த மூன்றாவது கட்டில் பசு பாதியைத் தின்றிருந்தது. மீதியைப் பிடித்து இழுத்தேன். பசுவும் விடவில்லை, நானும் விடவில்லை. "ஏம்மா, வாயில்லாச் சீவன்கிட்டயா மல்லுக்கட்டுறது?" என்றார் மாட்டுக்காரர். கூட்டம் வேடிக்கை பார்த்தது. கடைசியில் பாதிக் கட்டு என் கையோடு வந்தது. அதைக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பாத்தியைப் பார்த்தேன். ஒரு கொழுந்தும் குறையவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. நடுவில் மழை பெய்தது, வெட்டுக்கிளி போயிருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "இப்பவாச்சும் மருந்து அடிச்சியேம்மா" என்று சந்தோஷப்பட்டார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் வரப்பில் நின்று என் கணவரைத் திட்டித் தீர்த்தேன். அரைக் கட்டுக் கீரைக்காகவா என்னை விட்டுப் போனீர்கள் என்று கேட்டு அழுதேன்.

அப்புறம்தான் டீச்சர் சொன்ன அந்தப் பசி என்னைப் பிடித்துக்கொண்டது. இலையில் உட்கார்ந்த மனுஷனை நானே பாதியில் எழுப்பிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, கேட்ட கீரையை மட்டும் கொடுக்கிறேன். ஆனால் பாதி வயிற்றோடு அவரை அனுப்பியது டீச்சர் இல்லை.

அடுத்த அமாவாசைக்கு ஒரு கட்டைக் கூடையின் அடியில் ஒதுக்கி வைத்திருந்தேன். கூட்டம் குறைந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் மாட்டுக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"புடுங்க வரலண்ணே. அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சு. குடுக்க வந்தேன்" என்றேன்.

பசு நிதானமாகத் தின்றது. கடைசித் தண்டும் உள்ளே போகிறவரை நின்றேன். பிறகு, ஆறு வருடத்துக்கு முன் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க."