போர்டு மேல் ஒரு துண்டு

நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள்.

காந்தி மார்க்கெட்டில் நாங்கள் சின்ன வெங்காயம் பொறுக்கும் மண்டியில், புகை பிடிக்கக் கூடாது என்று ஒரு போர்டு உண்டு. அதை மாட்டிய ஆணி நல்ல ஆணி. மூட்டை தூக்கும் செல்வராஜ் வந்ததும் தன் துண்டை அதில்தான் போடுவான். போர்டு மறைந்துவிடும். அப்புறம் பீடிதான்.

எனக்கோ இளைப்பு. போன வாரம் மூச்சு முட்டிப் புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "பீடி குடிப்பீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். குடிக்காமலே அந்தப் பேர்!

இன்று காலை துண்டை எடுத்து மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

"என்னக்கா, உங்களுக்குத்தான் படிக்கவே தெரியாதே!"

"எழுத்துதான் தெரியாது தம்பி. பீடி மேல சிவப்புக் கோடு போட்டிருக்கிற படம் தெரியுது. வெளிய போய்க் குடி."

"வெளிய வெயில் அடிக்குதுக்கா."

"வெயில்ல பீடி அணையாது. இங்க என் மூச்சு நின்னுடும்."

முதலாளி சிகரெட்டும் கையுமாக வந்தார். "வேலை வேணாமாம்மா உனக்கு?"

"வேணுங்க. அதுக்கு மூச்சும் வேணுங்க. நீங்களும் வெளிய போய்க் குடிங்க."

பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் முறத்தைக் கீழே வைத்தார்கள். வாசலில் வெங்காயம் ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. முதலாளி எங்களைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வெளியே நடந்தார். பின்னாலேயே செல்வராஜும் போனான்.

அவன் துண்டுக்கு வேறு ஆணி நானே அடித்துவிட்டேன்.

உங்கள் வேலை இடத்தில் அந்தப் போர்டு மேல் என்ன தொங்குகிறது? கொஞ்சம் தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க.