ஜீப்பு நிறைய இங்கிலீஷு

இப்போது நான் பகல் முழுக்க இங்கிலீஷ் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். எந்தக் கான்வென்ட்டில் படித்தாய் என்று கேட்பவர்களிடம், போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஜம்பமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், சனிக்கிழமைகளில் தோட்டத்துக் கூலிப் பெண்கள் போகும் ஜீப்பில் என்னையும் திணித்துக்கொள்வாள். ஐந்தாம் வகுப்பு முடியும் நேரம். ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளைகளை மேடையேற்றித் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கோ நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துவிடும். முதல் தடவை அழுதுகொண்டே இறங்கிவிட்டேன். பாவம் பார்த்துப் பெரிய டீச்சர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அதையும் கோட்டைவிட்டால் அம்மாவின் ஆசை அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது புரோநவுன்கள். ஜீப்பில் நான் முணுமுணுப்பதைக் கேட்ட பக்கத்து சீட்டு அத்தை, "அதென்னடி வாய்க்குள்ளயே? சத்தமாச் சொல்லு, நாங்களும் படிச்சுக்கிறோம்" என்றாள்.

அன்றே வகுப்பு தொடங்கிவிட்டது. 'ஐ' என்றால் அவரவர் நெஞ்சில் ஒரு தட்டு. 'யூ' என்றால் பக்கத்தில் இருப்பவள் விலாவில் ஒரு குத்து. ஏறியதும் தூங்கிவிடும் சின்னம்மாதான் 'ஷீ'. ஜீப்பில் இருந்த ஒரே ஆம்பளை டிரைவர் மாமா, ஆகவே அவர் 'ஹீ'. 'இட்' என்பது வண்டி, அதற்கு மாமா ஆரன் அடிப்பார். எங்களை முந்திப் போகும் பச்சை ஜீப்புக்காரிகள் 'தே'. அவர்களுக்கு நாலு வசவும் இலவசம். மைன், யுவர்ஸ், ஹெர்ஸ் என்று போய்க் கடைசியில் 'அவர்ஸ்' வந்தால் ஜீப்பே அதிரக் குலவை போடுவார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்குப் போடுகிற அதே குலவை.

இரண்டாவது மேடைச் சோதனை வேலை நாளில் வந்தது. "ஒருத்திக்காக ஜீப்பு மலை எறங்காது ஆத்தா. நீயே தைரியமாச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு அம்மா மலைக்குப் போய்விட்டாள்.

மேடையில் ஐ, யூ வரைக்கும் தள்ளினேன். 'ஷீ'க்குச் சின்னம்மாவைத் தேடினேன். அவளில்லை. இறங்கி ஓடப் படியைப் பார்த்தேன்.

வெளியே ஆரன் கேட்டது. தலையில் கட்டிய துண்டும் காலில் செம்மண்ணுமாக மொத்த ஜீப்பும் உள்ளே வந்தது.

"சொல்லு ஆத்தா! வெரசா!" என்று அத்தை கத்தினாள்.

எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ! முதலிலிருந்து ஆரம்பித்தேன். 'ஹீ' என்றதும் வாசலில் நின்ற மாமா, "இந்தா இருக்கேன்ல!" என்று கையைத் தூக்கினார். 'இட்'டுக்கு ஓடிப்போய் ஆரன் அடித்தார். பச்சை ஜீப்பு இல்லாததால் 'தே'க்கு எல்லா விரலும் டீச்சர்கள் பக்கம் திரும்பியது. 'அவர்ஸ்' என்றேனோ இல்லையோ, கூரை பிய்ந்துபோகிற மாதிரி குலவை. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் மீடியம் கிடைத்துவிட்டது.

வாசலில் வாட்ச்மேன், "யாரு பெத்த புள்ள இது?" என்று கேட்டார்.

"எங்க ஜீப்புப் புள்ளண்ணே" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. என் மக என்று சொன்னால் என்னவாம்? வீடு வரைக்கும் அவள் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.

அந்த வாரம் பச்சை ஜீப்பு மட்டும்தான் மலைக்குப் போனது. சோலியைப் பாதியில் போட்டு இறங்கி வந்ததற்காக எங்கள் ஜீப்புக்காரிகள் ஒருத்தியையும் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் ஜெயித்ததற்காகத்தான் அம்மா லீவு போட்டு வீட்டிலிருக்கிறாள் என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். கூடவே, 'என் மகளுன்னு ஏன் சொல்லல?' என்று அவளை அரித்துக்கொண்டும் இருந்தேன்.