பிலோமினா மாமி வீட்டுப் புகை

நேற்று ஊரில் பிலோமினா மாமியின் செத்த வீடு. மத்தியானம் மன்னார் டவுனிலிருந்து ஓட்டோவில் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்து இறங்கின. சோறு, பருப்பு, கத்தரிக்காய்; குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா மட்டும் தன் பார்சலைப் பிரித்து, மணந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். சோற்றில் புகை மணம் இல்லையாம். காஸ் அடுப்பில் ஏதம்மா புகை என்றேன். என்னைப் படிப்பித்ததே வீண் என்பதுபோலப் பார்த்தார்.

உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். எங்கள் கரையில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். எட்டு, அதாவது எட்டாம் நாள் சடங்கு, முடியும்வரை அயலவர்தான் சமைத்துக் கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான், அயலில் யாராவது மிச்சமிருந்தால். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துவக்குக்காரர் வந்து சுட்டுவிட்டுப் போன கிழமை, எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, எல்லாமே செத்த வீடு. என் அப்பாவும் போயிருந்தார். யார் யாருக்குச் சமைப்பது? வழக்கத்தை உண்டாக்கியவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அப்பாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். பாதி அழுகை சோற்றுக்கு.

ஒரு வீட்டில் மட்டும் புகை எழும்பியது. பிலோமினா மாமியின் கணவருடைய உடல் கிடைக்கவில்லை. அவர் வருவார், இது செத்த வீடில்லை என்று சொல்லி மாமி அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார். பானையில் வெறும் தண்ணீர். அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

அம்மா இருந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அதெல்லாம் வராது.

"பிலோமினா, உன்ர வீடு செத்த வீடில்லைத்தானே?"

"இல்லையக்கா."

"அப்ப எங்களுக்கு நீதான் சமைக்கவேணும்."

 மாமி அரிசியை வாங்கி, கழுவக்கூட மறந்து, அப்படியே கொதிநீரில் போட்டார். எல்லோரும் கல்லுச் சோறு தின்றோம். மாமியும் எங்களோடு இருந்து தின்றார். அவர் முதல் பிடியை வாயில் வைத்தபோது நான் மறுபடி அழுதேன். அது முழுக்க அப்பாவுக்குத்தான்.

எட்டு முடிந்தும் அந்தச் சமையல் நிற்கவில்லை. பெண்கள் மாமியின் முற்றத்தில் இருந்தே வலை பொத்தினார்கள், கருவாடு காயவைத்தார்கள், எங்களை அடித்து வளர்த்தார்கள். மாமா வரவில்லை. வரமாட்டார் என்று ஒருவரும் மாமியிடம் சொன்னதுமில்லை. பிறகு அயலில் யார் செத்தாலும் முதல் சோறு அங்கிருந்துதான் போகும்.

அம்மா தன் பார்சலை என் பக்கம் தள்ளிவிட்டார். பசித்ததால் அதையும் தின்றேன். எங்கள் ஒழுங்கையில் செத்த வீடாகாத வீடு என்று ஒன்றே ஒன்று இருந்தது. நேற்றோடு அதுவும் இல்லை.