எல்கடுவ லயத்திலிருந்து கமரா டெஸ்டுக்கு

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடுபனி, அருவி, சூரிய உதயம் எதுவும் இங்கே கிடைக்காது. எனக்குப் பதினாறு வருடமாகப் பெருங்குடலில் புண். வயிறு எப்போது கலக்கும் என்று எனக்கே தெரியாது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்க்கிறேன், அதையே எழுதுகிறேன். என்னைப் போன்ற நாலு பேர் பயமில்லாமல் பஸ் ஏற உதவினால் போதும்.

இந்த முறை போனது ஊர் பார்க்க இல்லை. கிளினிக்கில் ஒரே வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய புஷ்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். புஷ்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறாள். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. எனக்கிருக்கும் அதே நோய்தான் அவளுக்கும். ஆனால் பல வருடம் மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். பெண்களுக்கு ரத்தம் போவது புதிதா என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோமே, அந்தக் கதைதான்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம். குடல் வருடக் கணக்காகப் புண்ணாகி ஆறிப் புண்ணாகி ஆறி வந்தால், அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வயிறு ஒழுங்காக இருந்தாலும் டொக்டர் சொல்லும் இடைவெளியில் கமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். போன தடவை புஷ்பாவுக்குப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். குடல் சுத்தமாகவில்லை, மேல் பகுதி தெரியவில்லை என்றார்கள். தெரிந்த பகுதியில் எடுத்த சதையில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. சீக்கிரம் முழுவதும் பார்க்க வேண்டும் என்று அவசரமாக ஒரு திகதி கொடுத்தார்கள். அன்றைக்கு அவள் வரவே இல்லை. இரண்டாவது திகதி ஒரு திங்கட்கிழமை. முந்தின வாரம் ஃபோன் எடுத்தேன்.

"ரத்தம் நின்னுருச்சுக்கா. நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு சும்மா அலையணும்?" என்றாள். மேலே பேசுவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பிறகு எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். ஸ்டாண்டில் காசு கொடுத்துப் போகும் கழிவறை உண்டு. தண்ணீர் வரும், தாழ்ப்பாள் வராது. உக்குவளை தாண்டியதும் ஏற்றமும் வளைவும் தொடங்கும். தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிறில் பஸ் குறைவு, ஆகவே கூட்டம் அதிகம். வழியில் நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. முந்தின இரவு சாப்பிடாமல் வந்திருந்தேன். இப்படிப் பட்டினி கிடந்து பயணம் போவது எனக்குப் பழகிவிட்டது, அதற்காகப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எல்கடுவச் சந்தியில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் என்றார் சாரதி, நானூறு ரூபாய் கேட்டார்.

"சுத்திப் பாக்க வந்தீங்களா மேடம்? மேல நல்ல வியூ பாயிண்ட் ஒண்ணு இருக்குங்க."

"அங்க கக்கூஸ் இருக்கா அண்ணே?"

"வியூ பாயிண்ட்லயா?"

"எங்கயாவது."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் வண்டியை விரட்டிக்கொண்டு போனார், மனுஷனுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

புஷ்பாவுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். புற்றுநோய், குடும்பம், பிறகு அழுது என்ன பயன் என்று நீளமான பிரசங்கம். வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் அவளைக் கண்டதும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"புஷ்பா, கக்கூஸ் எங்க?"

அவள் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துவந்து பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். லயத்தின் கோடியில் இரண்டு கழிவறைகள். ஒன்றின் கதவு கழன்று கிடந்தது. மற்றதன் முன்னால் வாளிகளோடு ஏழு பேர். பன்னிரண்டு காம்பரா அறைகளில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை, எல்லோரும் வீட்டில்.

வரிசையில் நின்றேன். வியர்த்தது, காது அடைத்தது. இந்த வேதனையை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "டவுன்ல இருந்து வந்தவங்க, முன்னுக்கு விடுங்கடி" என்றாள். எல்லோரும் விலகினார்கள். எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே இருந்தபோது வெளியே ஒருவர் இருமினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வாளியைத் தரையில் தட்டினார். ஐம்பதை நெருங்கும் வயதில், மாத்தளையில் தையல் கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் நான், அங்கே கூனிக் குறுகிப் போனேன்.

வெளியே வந்து புஷ்பாவின் காம்பராவில் உட்கார்ந்தேன். பிரசங்கமெல்லாம் மறந்துவிட்டது.

"போன தடவ அந்த மருந்துத் தண்ணிய இங்க வச்சா குடிச்ச?"

"வேற எங்கக்கா குடிக்கிறது?"

குடலைக் கழுவ ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். லீற்றர் கணக்கில் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கினால் பத்துப் பதினைந்து தடவை ஓட வேண்டும், நினைத்த மாத்திரத்தில் ஓட வேண்டும். புஷ்பா நாலு தடவை போயிருக்கிறாள். ஐந்தாவது தடவை வாளியோடு வந்தவளைப் பார்த்து வரிசையில் யாரோ, "என்ன புஷ்பா, அங்கயே குடியிருக்கப் போறியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"அவங்க மேல தப்பில்லக்கா. அவங்களும் அவசரத்துலதானே நிக்கிறாங்க. ஆனா எனக்கு வெக்கமாப் போச்சு. மிச்சத் தண்ணிய பின்னால ஊத்திட்டேன்."

"ஆஸ்பத்திரில இதச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? அந்த மிஸ், சொன்னத ஒழுங்கா செய்யமாட்டீங்களான்னு ஏசினாங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்துட்டேன்."

வயிறு நன்றாக இருக்கிறது, சும்மா எதற்கு என்றதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் புற்றுநோய்க்குப் பயப்படாமல் இல்லை. இந்த வரிசைக்கு அதைவிடப் பயந்தாள்.

"உடுப்பு ரெண்டும் அந்த மருந்துப் பவுடரும் எடு. என் வீட்டுக்கு வா. எங்க வீட்டுக்காரரு கத்தார்ல, வீட்டுல நான் மட்டும்தான். பின்னால தனியா ஒரு பாத்ரூம் இருக்கு, அத உனக்கே தாறேன்."

"ரெண்டு நாள் பேரு போயிருமேக்கா, சம்பளம் வெட்டிருவாங்களே" என்று கொஞ்சம் இழுத்தாள். ஆனால் பேசிக்கொண்டே பையைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

பகல் பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கினோம். இரண்டு மணியிலிருந்து குடிக்கத் தொடங்கினாள். தேசிக்காய் பிழிந்து, குளிர வைத்துக் கொடுத்தேன். உப்பும் கசப்பும் கொஞ்சம் அடங்கும். இடையிடையே பிளேன்டீயும் இளநீரும். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடும்போது "மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள். ஆறாவது தடவைக்குப் பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். மீதியை விடியற்காலையில் எழுந்து குடித்து முடித்தாள். எனக்கும் அவளுக்கும் சேர்த்து உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம். ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பிந்தினால் வாங்கில் இடம் கிடைக்காது. முன்பு ஏசிய அதே நர்ஸ்தான் அன்றும் இருந்தார். "இந்த முறை நல்லா சுத்தமா இருக்கு" என்று அவளைத் தட்டிக் கொடுத்தார். முழுக் குடலையும் பார்த்தார்கள். மேலே வலது பக்கத்தில், போன தடவை எட்டாத பகுதியில், ஓர் இடம் தடித்திருந்ததாகச் சொல்லிச் சதை எடுத்து அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வாங்க இருவரும் போனோம். புற்றுநோய். ஆரம்பத்தில்தான் இருக்கிறது, பரவியதாகத் தெரியவில்லை, பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்றார் டொக்டர். ஒபரேஷனுக்கு அடுத்த மாதம் திகதி. புஷ்பா அழவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அன்னைக்கே முழுசா குடிச்சிருந்தா, இது அப்பவே தெரிஞ்சிருக்குமாக்கா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மை என்னவென்றும் எனக்குத் தெரியாது. "இப்பவாச்சும் தெரிஞ்சிச்சே" என்றேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு அங்கேயே நின்று அழுதேன். யார் மேல் என்று தெரியாத ஆத்திரமும் வந்தது. ஒரு பெண்ணின் உயிர், கதவு கழன்று கிடக்கும் ஒரு கக்கூஸில் வந்து நிற்கலாமா?

இதே வழியில் போக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மருந்தால் சுகமாகிவிட்டது என்று கமரா டெஸ்டை விடாதீர்கள். மருந்துத் தண்ணியை ஏன் குடித்து முடிக்க முடியவில்லை என்பதை வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். முந்தின நாளே வார்டில் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். இன்னொன்று, இந்த நோய்க்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் முக்கியம். உங்கள் வயதுக்கு இன்னும் முறை வரவில்லை என்று சொன்னால், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று மிட்வைஃபிடம் சொல்லி, எப்போது செய்ய வேண்டும் என்று டொக்டரிடமும் கேளுங்கள். பஸ்ஸில் கதவுப் பக்க சீட்டைப் பிடியுங்கள்.

எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்து லயங்களிலிருந்து யாராவது பெண்கள் இதை வாசித்தால், அல்லது யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால், கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். முந்தின நாள் மத்தியானமே வந்துவிடலாம். தேசிக்காய் நான் வாங்கி வைக்கிறேன். பின்பக்கக் கழிவறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். எத்தனை தடவை போனாலும், எவ்வளவு நேரம் இருந்தாலும், வெளியே யாரும் இருமமாட்டார்கள்.