போர்த்துக்கல்லுக்குப் போர்த்திக்கொண்டு போகலாமா?

சென்ற சனிக்கிழமை நானும் சரோஜாவும் கொழும்புக்குப் போய்வந்தோம். எதற்கு என்கிறீர்களா? போர்த்துக்கல் நாட்டுக்கு எப்படிப் போவது என்று விசாரிக்க!

சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்... ஆயிற்றா? இப்போது கேளுங்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் நிலைமை தெரியும். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டைப் அடிக்கிறவன். என் மனைவி சரோஜாவுக்கு அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாரின் குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு கலண்டர்தான் சம்பந்தம்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஈரக்கறை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வளரும். அதை மறைக்க, டவுனில் கடைக்காரர் கொடுத்த கப்பல் கம்பெனிக் கலண்டர் ஒன்றை மாட்டினேன். படத்தில் மஞ்சள் வீடுகள், வெள்ளை மணல், அதற்கப்பால் கடல். நீலமென்றால் அப்படியொரு நீலம்!

சரோஜா அதன் முன்னால் போய் நின்றவள் நின்றவள்தான். அடுப்பில் சோறு குழைந்தது. இத்தனை வயதுக்கும் அவள் கடலைப் பார்த்ததில்லை. மஸ்கெலியாவில் பிறந்து ஹட்டனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் பார்த்த பெரிய தண்ணீர் நுவரெலியா ஏரிதான்.

"இது எந்த ஊருங்க?"

"போர்த்துக்கல்."

"நானா? போத்தித்தானே இருக்கேன்!" என்று தோளில் கிடந்த சால்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கள் ஊர்க் குளிரில், எதிரே வருகிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னாலேயே "போத்திக்கலையா?" என்றுதானே கேட்கிறோம்! நான் விளக்கிச் சொன்னதும் அவளுக்கு வந்ததே ஒரு சிரிப்பு... அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நாட்டுக்கே பெயர் மாறிவிட்டது. போத்திக்கல்! போர்த்தாமல் நடமாடக்கூடிய நாடு என்று அர்த்தம்.

"ஏங்க, நாம போத்திக்கலுக்குப் போவோமா?"

"போவோமே!" என்றேன். பணமா? திட்டம் போடுவதற்கு யார் ஐயா பணம் கேட்கிறார்கள்?

அங்கே ஆரம்பித்தது பைத்தியம். மாலையில் வேலை விட்டு வந்ததும் கலண்டருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவோம். அந்த மூன்றாவது மஞ்சள் வீட்டில்தான் தங்குவது என்று முடிவாயிற்று. தேத்தண்ணிக்கு நம் தூளையே கொண்டுபோவது. ஆனால் கம்பளி? கப்பலில் குளிரும், ஒன்றாவது வேண்டும் என்றேன் நான். போத்திக்கலுக்குப் போகிறவள் கம்பளியைத் தொடவே மாட்டேன் என்றாள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேச்சுவார்த்தை இல்லை! டிக்கட்டே வாங்காத கப்பலுக்குக் கம்பளிச் சண்டை பிடித்த தம்பதி உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

இதற்கு நடுவே அவள் ஒரு சபதம் வேறு செய்துவிட்டாள்.

"மொதமொதல்ல நான் பாக்குற கடலு அந்தக் கடலாத்தாங்க இருக்கணும். வேற கடல இந்தக் கண்ணால பாக்க மாட்டேன்."

அடுத்து, பாஷைப் பிரச்சினை. பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் மாஸ்டரிடம் போனோம். பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவர், வேதக்காரர். விஷயத்தைக் கேட்டதும் எங்களைவிட அவர்தான் அதிகம் குதித்தார்.

"போர்த்துக்கலா! பாத்திமா மாதா கோயில் அங்கதான தங்கச்சி இருக்கு! எம் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாங்க!"

"அதுக்கென்ன மாஸ்டர், ஏத்திடுறோம். ஆனா பாஷை தெரியாதே?" என்றாள் சரோஜா.

"யாரு சொன்னா? அவன் நம்ம ஊர ஆண்டுட்டுப் போகையில பாதிப் பாஷைய இங்கயே விட்டுட்டுப் போயிட்டானே! சாவி அவன் சொல்லு. ஜன்னல் அவன் சொல்லு. மேசை, உக்காருற கதிரை, அலமாரி, கால்ல போடுற சப்பாத்து, தலை தொவட்டுற துவாய்... நீங்க காலையில பேக்கரியில வாங்கித் திங்கிறீங்களே பாண், அதுவும் அவனோடதுதான்!"

யோசித்துப் பாருங்கள். சாவி, ஜன்னல், மேசை, கதிரை, துவாய், பாண். ஒரு ஹோட்டலில் இறங்குகிறவனுக்கு இதற்கு மேல் என்ன பேச்சு வேண்டும்? பிறந்ததிலிருந்து போர்த்துக்கேய மொழி பேசிக்கொண்டிருக்கிறோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை!

மறுநாளே சரோஜா தன் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்துவிட்டாள். இப்போது எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தால், தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வாண்டுகள் எல்லாம் "சாவி! ஜன்னல்! பாண்!" என்று கத்துவதைக் கேட்கலாம். பாண் மட்டும் ரொம்பச் சுத்தமாக வருகிறது.

இந்த உற்சாகத்தில்தான் வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் ஏறினோம். கேட்டு வைப்பதில் என்ன நஷ்டம்?

கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து சரோஜா முந்தானையை முகத்தின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள், வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல. தப்பித்தவறி கொழும்புக் கடல் கண்ணில் பட்டுவிடக்கூடாதே! "வலப்பக்கமா இருக்கு, இடப்பக்கமா இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, தலையைக் குனிந்தபடியே நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நினைத்து ஒருவர் வழிவிட்டார்.

கப்பல் ஏஜண்டின் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர், தமிழர்தான். நல்ல மரியாதையான பிள்ளை. எங்களை உட்காரச் சொன்னார். "கதிரை!" என்று சரோஜா என் காதில் சொல்லிச் சிரித்தாள்.

"என்ன பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள்? சிலோனா, இந்தியாவா?" என்று கேட்டார் இளைஞர்.

"ரெண்டும் இல்லீங்க," என்றேன்.

"அப்படியானால்... நீங்கள் எந்த நாடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா சொன்னாள். "ஹட்டனுங்க!"

சிரிக்கப் போனவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிரஜாவுரிமைக்கு நாங்கள் மனுப் போட்டு எத்தனையோ காலமாகிறது. இங்கேயே பிறந்தவர்கள், இந்த மலையைத் தவிர வேறெதையும் அறியாதவர்கள்தான். ஆனாலும் தாத்தாமார் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் பதில் இல்லை. தெரிந்த கதை. கலண்டர் மயக்கத்தில் அதை எப்படியோ மறந்திருந்தோம். காசில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருப்பேன். நாடில்லை என்று எழுந்து வருவது வலித்தது. ரொம்பவே வலித்தது.

"பாஸ்போர்ட் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதே, ஐயா," என்றார் அந்தப் பிள்ளை மெதுவாக. அவர்மேல் என்ன தப்பு?

வெளியே வந்தோம். சரோஜா முந்தானையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏங்க, அந்தக் கலண்டர் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் நடுவுல செவுரு ஏதும் கட்டியிருக்கா?"

"இல்லியே."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான். வாங்க, பாத்துருவோம்."

காலிமுகத்திடலுக்கு நடந்தோம். நடந்தோமா? கடைசிக் கொஞ்ச தூரம் அவள் ஓடினாள், நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கடல் தெரிந்ததும் "யம்மாடி!" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்துகிறாள்: "சாவி! ஜன்னல்! பாண்!" ஒவ்வோர் அலைக்கும் ஒரு சொல். கடலை விற்றுக்கொண்டிருந்தவர் கடலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "மேசை! அலமாரி!" என்று நானும் இறங்கிவிட்டேன்.

நல்ல காற்று. திரும்பிப் பார்த்தால் அவளுடைய சால்வை மணலில் கிடக்கிறது. பழக்கதோஷம், என் வாயில் தானாக வந்தது.

"சரோஜா, போத்திக்கலையா?"

"ஆமாங்க, போத்திக்கல்! வந்துட்டோங்க!" என்றாள் அவள், தண்ணீரில் குதித்துக்கொண்டே.

நல்லவேளை, அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.