வெள்ளாடு எழுந்து நின்ற நான்கு நொடி

நாகலாபுரத்து இசக்கிசெல்வி, கோவில்பட்டியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த பயிற்சி நிலையத்தில் ஓராண்டு அனிமேஷன் படித்தாள். அப்பா கருத்தையாவுக்கு ஆடு மேய்ப்பதுதான் பிழைப்பு.

முதல் மாதம் முழுக்கப் பந்துதான் வரைந்தார்கள். அது விழ வேண்டும், தரையில் நசுங்க வேண்டும், எழும்ப வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படம். அதன்பிறகு மற்றவர்கள் வானில் பறக்கும் வீரர்களுக்குப் போனார்கள். செல்வி வெள்ளாட்டுக்குப் போனாள். உடைமரக் கிளையை எட்டுவதற்குப் பின்னங்காலில் எழுந்து நிற்குமே, அந்த ஆடு. எழுவதற்கு முன் அது உடம்பின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். நான்கு நொடிக்குத் தொண்ணூற்றாறு படம். மூன்று தடவை அழித்துவிட்டு வரைந்தாள்.

"ஏட்டி, ஆடு பாக்கதுக்கா பீஸ் கட்டி வார? உங்க வீட்டுல சும்மாவே பாக்கலாமே," என்றாள் பக்கத்து இருக்கை முத்துச்செல்வி.

"எங்க வீட்டு ஆடு நில்லுன்னா நிக்காதுட்டி. இது நிக்கும்."

சொல்லிக்கொடுத்த ஜெயப்பிரியா அந்த நான்கு நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். சென்னையில் ஒரு நிறுவனம் ஆறு பேரை வேலைக்கு எடுப்பதாகவும், இதுவரை செய்ததைத் தொகுத்து இணையத்தில் ஏற்றும்படியும் சொன்னார். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை.

அன்று பத்தே முக்காலுக்குத் தொகுப்பு தயாராகிவிட்டது. ஜெயப்பிரியா விடுப்பில் இருந்தார். சந்தோஷத்தில் செல்வி அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் காட்டில் ஆடுகளோடு நின்றார்.

"இப்ப ராவு காலம்லா தாயி. பன்னெண்டு கழியட்டும், அனுப்பு."

செல்வி காத்திருந்தாள். ஒரு நொடியை இருபத்துநான்காகப் பிரித்து, ஒவ்வொரு துணுக்கிலும் ஆட்டின் முதுகு எவ்வளவு வளையும் என்று அறிந்தவள், காலண்டர் தாளில் அச்சடித்த ஒரு கட்டத்துக்குப் பயந்து ஒன்றேகால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே நேரத்தில் எத்தனையோ பேர் தங்கள் வேலையை அனுப்பியிருப்பார்கள். எந்தப் பாம்பும் வந்து அவற்றை விழுங்கவில்லை. கைக்கு வந்த ஒரே வாய்ப்பையும் நல்ல நேரம் பார்த்துத்தான் தொட வேண்டும் என்று இந்த மக்களுக்குச் சொல்லிவைத்தவர்கள், தங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களை இப்படிக் காக்கவைத்திருப்பார்களா?

பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிடத்தில் பொத்தானை அழுத்தினாள். பத்து நிமிடம் போதும் என்று நினைத்திருந்தாள். அதற்குள் மதிய வகுப்புக்காரர்கள் வந்து அத்தனை கணினிகளையும் திறந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு. தொண்ணூற்றொரு சதவீதம் ஏறியிருந்தபோது மணி பன்னிரண்டரை. பக்கம் மூடிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள், பதில் இல்லை.

இப்போது ஒரு ஸ்டூடியோவில், கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை பெண் பெயர்களைப் பறக்கவிடுகிறாள். அப்பா தடுத்திராவிட்டால் என்று யாராவது பேச்சை எடுத்தால் இடைமறிக்கிறாள்.

"அவியளச் சொல்லாதீங்க. அவிய காட்டுல நின்னாவ. கம்ப்யூட்டர் முன்னால இருந்தது நான்தான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று மட்டும் கருத்தையாவிடம் சொல்லியிருக்கிறாள். போய்ச் சேரவே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அங்கிருந்து கடிதம் வரும் என்று அவர் இன்னும் எதிர்பார்க்கிறார்.

"நல்ல நேரத்துல அனுப்புனதுலா, வீணாப் போவாது தாயி," என்கிறார் சாப்பிடும்போது.

சரிப்பா என்று சொல்லி, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறாள்.