கசாயத்துக்கு வார்த்த தண்ணீர்

நீர்வேலியை விட்டு அரை மைல் நடந்திருப்பேன். வாழைத் தோட்டங்களுக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் ஒன்று சுற்றியதால் வேலியோரமாகவே நடந்தேன். நீர்வேலியில் ஒரு வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று: தண்ணீரில் பிழையில்லை, கற்பூரவள்ளி இலையை நிறுத்துங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்த வருடம் கிடைத்தது போத்தல் சுமக்கும் வேலை. இரசாயனம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் கிணற்று நீரையும் மருந்துச் செடிகளையும் சோதித்துவந்தார். அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கியது. உதடு நாவற்பழ நிறம். தாய் கொடுத்துவந்த கசாயத்தில் நைத்திரேற்று மிக அதிகம் என்றார் ரீச்சர். உரத்தில் உள்ள உப்பு அது. பச்சைப் பிள்ளையின் இரத்தத்தைக் கெடுக்கும். அவர்கள் தந்த தண்ணீர்ப் போத்தலில் அது இல்லை. கசாயத்தில் போட்ட, உரமிட்ட வெங்காயப் பாத்தியருகே வளர்ந்த கற்பூரவள்ளி இலையில்தான் இருக்கிறது என்று நினைத்தோம்.

எதிரே குழந்தையின் தகப்பன் சைக்கிளில் இரண்டு கான் தண்ணீருடன் வந்தார்.

“என்ன போத்தலண்ணை, எங்கடை தண்ணி பாஸோ?”

“பாஸ். உதுவும் தண்ணியோ?”

“ஓம், கோயில் கிணத்து நல்ல தண்ணி. உங்கடை போத்தலுக்கும் இதைத்தானே வாத்துத் தந்தனாங்கள். வந்த ஆளுக்குத் தோட்டக் கிணத்துத் தண்ணியைக் குடுக்கிறதே?”

“பிள்ளையின்ரை கசாயத்துக்கு?”

“அதுக்குத் தோட்டக் கிணறு. எட்டிலொண்டாய் வத்தக் காய்ச்சிறதுதானே, கிருமி ஒண்டும் நிக்காது.”

வற்றுவது தண்ணீர் மட்டும். ரீச்சர் நீரை வற்றவைத்த கிண்ணங்களில் உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

கெடுதல் தோட்டக் கிணற்றில்தான் என்று அவரிடம் சொன்னேன். இருவரும் வீட்டுக்குத் திரும்பி ஓடினோம். தாய் குழந்தையின் வாயில் சங்கை வைத்திருந்தாள்.

“இலை போடேல்லை,” என்றாள் என்னைக் கண்டதும். “நீங்கள் சொன்னபடி விட்டிட்டன். ஓமம் போட்டுத்தான் காய்ச்சினனான்.”

சங்கில் பாதி முடிந்திருந்தது. தகப்பன் கான்களை இறக்கிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி ஆசுபத்திரிக்கு மிதித்தார். பிள்ளை அழவில்லை. பலாலி முகாம் பக்கம் ஷெல் முழங்கியது.

மறுநாள் காலை ரீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த ஊரில் எடுத்த பதினொரு போத்தல்களையும் அவர் வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் உப்பு ஒரே அளவு; எல்லாம் அந்தக் கோயில் கிணற்றுத் தண்ணீர். ஒரு வாளியும் கயிறும் எடுத்துத் தந்தார். இனி யாரும் வார்த்துத் தருவதை வாங்காமல் கிணறு கிணறாக நானே அள்ள வேண்டும். ஓம் என்றேன்.

முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனேன். அவர்கள் இன்னும் ஆசுபத்திரியிலிருந்து வந்திருக்கவில்லை. வேலியைப் பிரித்துப் புகுந்து, தோட்டக் கிணற்றில் வாளியை இறக்கினேன்.